வலது பக்க ஸ்பீக்கர்

அந்தப் படத்தைப் பார்க்க அவள் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறாள். ஒரு தடவைகூட முடிவு பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் தியேட்டருக்குப் போனாள். இடைவேளை முடிந்து விளக்கு அணைவதற்குள் மாமனாருக்கு வயிற்றுவலி என்று ஆள் வந்து நின்றது. பிறகு டிவியில் போட்டார்கள். அக்காள்காரி கப்பல் ஏறுகிற கட்டம் வந்ததும் நாத்தனார் குடும்பத்தோடு வந்து காலிங் பெல்லை அழுத்தினாள். இன்னொரு தடவை எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கரண்ட் போய்விட்டது.

கப்பல் ஏறிப்போன அக்காள் திரும்பி வந்தாளா? துறைமுகத்தில் காத்துக்கிடந்த தங்கை அவளைப் பார்த்தாளா, இல்லையா? இருபது வருஷமாக அவளுக்குத் தெரியாது. யாரைக் கேட்டாலும் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். கேட்க மாட்டாள். என் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன் என்று ஒரு வீம்பு. வேலை செய்கிற இடத்தில் யாராவது அந்தப் படத்தின் பேச்சை எடுத்தால் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

வேலை, ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது. ரயில் ஒழுங்காக வந்தால் அதை மெஷினே சொல்லிக்கொள்ளும். தாமதம், ரத்து, நடைமேடை மாற்றம் என்று சனங்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிற சேதிகளுக்கு மட்டும் ஒரு மனுஷி வேண்டுமே, அது இவள். ஏற்ற இறக்கமில்லாத கணீர்க் குரல். அங்கே ஒரு கூட்டமே தலையைத் தூக்கிக் கேட்கும். வீட்டில் "சாப்பிட வாங்க" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் ஒரு ஜீவன் அசையாது.

புருஷன் பல் டாக்டர். தங்கமான மனிதர்தான். ஆனால் தலையில் ஒன்று ஏறிவிட்டால் லேசில் இறங்காது, அது ஒன்றுதான் வியாதி. முன்னே மீன்தொட்டி ஏறியது. மீனெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் இறங்கியது. இப்போது வீட்டுத் தியேட்டர் ஏறியிருந்தது. மாடியில் காலியாகக் கிடந்த பெரிய அறையைக் கேட்டார். அங்கே துணி உலர்த்திக்கொண்டு, இஸ்திரி போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்த அறை அது.

"தரேன்" என்றாள். "ஆனா எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். முதல் படம் என் படம். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் உக்காந்த இடத்தை விட்டு எழுந்திரிக்காம நான் பாக்கணும். நடுவுல யாராவது கூப்பிட்டீங்க, அப்புறம் என் வாயில நல்லதா வராது."

"இவ்வளவுதானே! உனக்காகத்தானே இதெல்லாம் பண்றேன்" என்றார் டாக்டர். சொன்ன வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். அவளும் நம்பினாள், பாவம்.

திரை வந்தது. புரொஜெக்டர் வந்தது. திரைக்குக் கீழே வைக்கிற ஸ்பீக்கர்களில் ஒரு வம்பும் இல்லை. வம்பெல்லாம் பக்கச் சுவரில் மாட்டுகிற சரவுண்ட் ஸ்பீக்கர்களால் வந்தது. மழை, காற்று, இருட்டில் யாரோ நடந்து வருகிற செருப்புச் சத்தம் இதெல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டுமாம். ஒரு வரிசை மட்டும் உட்கார்ந்தால் காதுக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால் தள்ளி மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். டாக்டரோ முன்னால் மூன்று, பின்னால் மேடை கட்டி மூன்று என்று இரண்டு வரிசை போட்டுவிட்டார். முன் வரிசைக்குச் சரியாக மாட்டினால் பின் வரிசைக்கு மழை முன்னால் பெய்கிறது. பின் வரிசைக்கு மாட்டினால் முன் வரிசைக்கு முதுகில் பெய்கிறது. இருப்பதோ வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று.

வீடியோ வீடியோவாகப் பார்த்தார். ஒருவன் இங்கே மாட்டு என்றான், இன்னொருவன் அங்கே மாட்டினால் பாவம் என்றான். துளை போடுகிற மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்று நின்று திரும்பிப் போனார்.

"ஊர்ல இருக்கற பல்லையெல்லாம் குடையறீங்க, ஒரு சுவத்தைக் குடைய இவ்வளவு பயமா?" என்றாள் அவள்.

"பல்லுல ஓட்டை விழுந்தா அடைச்சிடலாம். புதுசா பெயின்ட் அடிச்ச சுவத்துல தப்பா ஓட்டை போட்டுட்டா உன் வாயை யார் அடைக்கறது?"

அதுவும் நியாயம்தான் என்று அவள் சமையலைப் பார்க்கப் போனாள்.

அப்புறம் ஒரு நாள் டாக்டருக்கு ஞானம் பிறந்தது. துளை போடுவதற்கு முன்னால் ஆளை நிறுத்திச் சோதித்துப் பார்த்துவிட்டால் என்ன? ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆள் ஏணியில் நின்று பேச வேண்டியது. உட்கார்ந்திருப்பவர்கள் எப்படிக் கேட்கிறது என்று சொல்ல வேண்டியது. வலது பக்கம் முடிவானால் போதும். இடது பக்கம் அதற்கு நேர் எதிரே. ஆகவே ஓர் ஆள் போதும். ஏற்ற இறக்கமில்லாமல், மணிக்கணக்கில், ஒரே அளவில் பேசுகிற ஆள் யார்?

இப்படித்தான் நம் ஆள் வலது பக்க ஸ்பீக்கர் ஆனாள்.

கேட்பதற்குக் காது வேண்டுமே. டாக்டர் சொந்தபந்தத்தைத் திரட்டினார். முன் வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் நடுவில் அவர், ஒரு பக்கம் இடது காது மந்தமான அவருடைய அப்பா, இன்னொரு பக்கம் அவளுடைய அம்மா. பின் வரிசையில் நாத்தனார், நாத்தனாரின் கணவர், ஏணியை ஒட்டினாற்போல் கொழுந்தன். நாத்தனார் கணவருக்கு 'சரி மாமா' என்று பெயர். எதைக் கேட்டாலும் சரி என்பார். அவர் மனைவியோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவர் வேறு என்ன சொல்ல முடியும்?

முதலில் முன் வரிசைக்கு நேராக ஏணி போட்டார்கள். அவள் ஏறி நின்று வழக்கமான குரலில் தொடங்கினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

"டேய் தம்பி" என்று நாத்தனார் கையைத் தூக்கினாள். "எங்களுக்குச் சத்தம் முன்னாடிதான் கேக்குது. அது என்னடா, உன் மாமியாருக்கு மட்டும் காதோரமா வரணும், எங்களுக்கு எச்சம் மிச்சமா? பின்னாடி உக்காந்தா இளப்பமா?"

டாக்டர் பதறிப்போய் ஏணியைப் பின் வரிசைக்கு நகர்த்தினார். ஸ்பீக்கர் இறங்கி, மறுபடி ஏறியது.

"மாப்பிள்ளை" என்றார் அவளுடைய அம்மா, மிகவும் மரியாதையாக. "இப்ப எனக்கு முதுகுக்குப் பின்னாடி யாரோ பேசற மாதிரி இருக்குங்க. எனக்கொண்ணும் இல்லை, இந்த வீட்டுல அது பழக்கமானதுதான்."

நாத்தனார் தொண்டையைச் செருமினாள். டாக்டர் அவசரமாக "மாமா, உங்களுக்கு எந்தப் பக்கம் கேக்குது?" என்று பேச்சை மாற்றினார்.

"சரி" என்றார் மாமா.

"அப்பா, உங்களுக்கு?"

"எல்லாம் வலது பக்கம்தான்டா கேக்குது. பிரமாதம்!" அவருக்கு வலது காது ஒன்றுதான் கேட்கும். அவருக்குப் பின்னால் நின்று பேசினாலும் வலதுதான், எதிரே நின்று பேசினாலும் வலதுதான்.

இரண்டு வரிசைக்கும் நடுவில் போட்டுப் பார்த்தார்கள். "ஐயோ அண்ணா, அண்ணி என் காதுக்குள்ளேயே கத்தறாங்க" என்று கொழுந்தன் அலறினான். "சத்தத்தைக் குறை" என்றார் டாக்டர் ஏணியைப் பார்த்து. இருபது வருஷமாகச் சொல்ல ஆசைப்பட்டதைச் சொல்லிவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. அவள் குறைத்தாள். உடனே கோடியில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை.

இது ஒரு நாளோடு முடிந்ததா? வாராவாரம் நடந்தது. ஒவ்வொரு ஞாயிறும் காலையில் சொந்தம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் ஏணியில் ஏறுவாள். ரயில் தாமதங்கள் தீர்ந்துபோயின. ரத்தான ரயில்களும் தீர்ந்துபோயின. "எதையாவது பேசு, நிறுத்தாதே" என்றார் டாக்டர். "நீங்க யாரும் ஸ்பீக்கர் பேசும்போது குறுக்கே பேசாதீங்க. முடிஞ்ச பிறகு எந்தப் பக்கம் கேட்டுச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

எதையாவதா? குறுக்கே பேசக் கூடாதா? அவளுக்கு மெல்லப் புரிந்தது. இந்த வீட்டில் இப்படி ஒரு வரம் யாருக்குக் கிடைக்கும்! தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"பின் வரிசையில் அமர்ந்திருக்கும் நாத்தனாரின் கனிவான கவனத்திற்கு. போன வருஷம் இரவல் வாங்கிச் சென்ற பெரிய குக்கர் இன்னும் வந்து சேரவில்லை. காலவரையற்ற தாமதத்திற்கு வருந்த வேண்டியவர் வருந்தவும்."

எல்லாத் தலையும் நாத்தனார் பக்கம் திரும்பியது.

"அக்கா, எந்தப் பக்கம் கேட்டுச்சு?" என்றார் டாக்டர் கண்ணை மூடியபடி. அவருக்கு ஒலிதான் முக்கியம், சேதி காதில் ஏறவே இல்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றாள் நாத்தனார்.

"பாத்தியா! பின் வரிசைக் கோடியில கேக்கவே இல்லை. இன்னும் சத்தமா சொல்லு!"

ரொம்ப சந்தோஷம் என்று அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். மூன்றாம் தடவை சொன்னபோது தெருவில் போன காய்கறி வண்டிக்காரர் நின்று கேட்டுவிட்டுப் போனார். "ம்ம், இப்ப லேசா கேக்குது" என்று நாத்தனார் முணுமுணுத்தாள். "சரி" என்றார் மாமா, முதல் தடவையாக மனப்பூர்வமாக.

அடுத்த முறை கொழுந்தன் மாட்டினான், ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதற்காக. அதற்கடுத்தது மாமனார், ஆனால் அவர் எல்லாவற்றையும் வலது பக்கம் வாங்கிக்கொண்டு பிரமாதம் என்றார். பெற்ற தாயையும் அவள் விட்டுவைக்கவில்லை. மனசிலிருந்த பாரமெல்லாம் இறங்கியதில் அவளுக்கு ஏணி பிடித்துப்போனது. இதையும் சொல்லத்தான் வேண்டும், ஞாயிறு வந்தால் யாரும் கூப்பிடாமலே ஏற ஆரம்பித்துவிட்டாள்.

இடம் மட்டும் முடிவாகவில்லை. ஒரு நாள் எல்லாரும் சலித்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மேலே பார்த்தாள், மூலையில் ஒட்டடை. கண்ணில் பட்ட ஒட்டடையை விட்டுவைக்கிற ஜாதியா அவள்? துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு வரிசைக்கும் நடுவில் இருந்த ஏணியில் கடைசிப் படி வரை ஏறிவிட்டாள். அங்கிருந்து துடைப்பத்தை வீசியபடியே சாதாரணமாகக் கேட்டாள்.

"யாருக்காவது டீ வேணுமா?"

"வேணும்!" என்றது முன் வரிசை. அதே நொடியில் "வேணும்!" என்றது பின் வரிசை. மாமனார் உட்பட. நாத்தனார் உட்பட.

டாக்டர் துள்ளி எழுந்தார். "அசையாதே! அங்கேயே இரு! எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்டுச்சு பாத்தீங்களா? இதைத்தான்டா அந்த வீடியோக்காரன் சொன்னான், எனக்குத்தான் புரியல. காதுக்கு நேரா வெச்சா பக்கத்துல இருக்கறவனுக்குக் காது கிழியும், தூரத்துல இருக்கறவனுக்கு ஒண்ணும் கேக்காது. உசரத்துல வெச்சு எதிர்க் கோடியைப் பாத்த மாதிரி கொஞ்சம் சாய்ச்சுட்டா எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே தூரம்!"

இன்னொரு ஏணியைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் ஏறினார். "ஆ காட்டு" என்றார். தொழில் புத்தி. அவள் வாய் இருந்த உயரத்தில் சுவரில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டார். மறுநாள் முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு, சுவரைத் தட்டிக்கொடுத்து, "கொஞ்சம்தான் வலிக்கும்" என்று சொல்லிவிட்டுத் துளை போட்டார். நேர் துளை. அவளே அசந்துபோனாள்.

சாய்வு நாற்காலிகளும் வந்து இறங்கின. கால் நீட்டினால் கூடவே நீளுகிற மெத்தை நாற்காலிகள். முதல் படத்துக்கு நாள் குறித்தார்கள். ஞாயிறு, மத்தியானம். அவள் அன்றைய மத்தியான டூட்டிக்கு லீவு சொன்னாள். "எங்கே போறீங்க?" என்று கேட்டவர்களிடம் "கப்பலைப் பாக்க" என்றாள். காலையிலிருந்தே அவள் கால் தரையில் பாவவில்லை. சமையலை முன்னதாகவே முடித்தாள், கேஸை மூடினாள், போனை அணைத்தாள், பால்காரரிடம் இன்று மட்டும் பெல் அடிக்காதே தம்பி என்று கெஞ்சிவிட்டு வந்தாள். நல்ல புடவையாக ஒன்று எடுத்துக் கட்டிக்கொண்டாள். இருபது வருஷத்து ஆசை, கொஞ்சமா?

மாடி ஏறி அறைக்குள் நுழைந்தாள். விளக்கு மங்கலாக எரிந்தது. முன் வரிசையில் மாமனார், டாக்டர், அவளுடைய அம்மா. பின் வரிசையில் நாத்தனார், சரி மாமா, கொழுந்தன். எல்லாரும் காலை நீட்டிக்கொண்டு சொகுசாகச் சாய்ந்திருந்தார்கள். மேலே, அவள் நின்ற உயரத்தில், வலது பக்க ஸ்பீக்கர் கறுப்பாக, அழகாக மாட்டியிருந்தது.

அவள் முன் வரிசையைப் பார்த்தாள். பின் வரிசையைப் பார்த்தாள்.

"வா வா, சீக்கிரம் உக்காரு, போடப்போறேன்" என்றார் டாக்டர்.

"எங்க?"

டாக்டர் திரும்பிப் பார்த்தார். விரலை நீட்டி எண்ணினார். தன்னை விட்டுவிட்டோமோ என்று தன்னையும் சேர்த்து இன்னொரு தடவை எண்ணினார். ஆறு காதுக்காரர்களுக்கு ஆறு நாற்காலி. வாராவாரம் உட்கார்ந்து கேட்டவர்கள் ஒருவர் விடாமல் இருந்தார்கள். நாற்காலி ஆர்டர் கொடுத்தபோது அவர் கண்ணை மூடி அந்த அறையை நினைத்துப் பார்த்தார், ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் சுவரில் இருந்தாள். நீட்டிய விரலை மெல்ல மடக்கிக்கொண்டார்.

"அட, இங்க வாம்மா" என்று நாத்தனார் காலை மட்டும் ஓர் அங்குலம் மடக்கினாள். "நான் வேணா எழுந்திரிக்கட்டுமா அண்ணி?" என்றான் கொழுந்தன், இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "சரி" என்றார் மாமா. பெற்ற தாய், அவருமே, "அந்த ஏணி எங்க வெச்சீங்க மாப்பிள்ளை? அதுல ஒரு படியில..." என்று ஆரம்பித்துவிட்டு மகளின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவளுக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. கோபம் வந்திருந்தால் சமாளித்திருப்பாள், அழுகைதான் வந்தது. இத்தனை பேருக்கும் மழை எந்தப் பக்கம் பெய்ய வேண்டும் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட மனிதருக்கு, இவள் எங்கே உட்காருவாள் என்று ஒரு நொடி தோன்றவில்லையே. பேசாமல் கீழே போய்த் துணி மடிக்கலாம் என்று ஒரு கால் வாசல் பக்கம் திரும்பியது. இப்போது போனால் இந்த ஜன்மத்தில் அந்த அக்காள் வந்தாளா என்று தெரியப்போவதில்லை. திரும்பிய காலை இழுத்துக்கொண்டாள்.

டாக்டருக்கு எதிரே போய் நின்றாள். அறிவிப்பு, கனிவு, கவனம் எதுவும் இல்லை.

"எழுந்திரிங்க."

டாக்டர் எழுந்தார். அறையிலேயே அருமையான இடம் அது. எல்லாச் சத்தமும் வந்து கூடுகிற நடு இடம், அவர் தனக்கென்று அளந்து போட்டது. அவள் உட்கார்ந்தாள். பொத்தானை அழுத்தினாள், கால் நீண்டது. "போடுங்க" என்றாள்.

படம் ஓடியது. எழுத்துகள் ஓடும்போதே மாமனார், "அம்மா, கொஞ்சம் தண்ணி" என்றார். பழக்கதோஷத்தில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பின்னாடி நிக்கறாரு பாருங்க" என்றாள். டாக்டர் தண்ணீர் கொண்டுவந்தார். நாத்தனாருக்குக் குளிர்ந்தது, போர்வை கொண்டுவந்தார். மாமாவுக்குப் பாத்ரூம் ஸ்விட்ச் தெரியவில்லை. கூடவே போய்ப் போட்டுவிட்டு வந்தார். கொழுந்தனுக்கு சார்ஜர், அவளுடைய அம்மாவுக்கு மாத்திரை, அந்த மாத்திரைக்கு வெந்நீர். கப்பல் ஏறுகிற கட்டம் வந்தபோது காலிங் பெல் அடித்தது. அவள் நாற்காலிக் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். டாக்டர் இறங்கி ஓடுகிற சத்தம் மாடிப்படியில் தடதடவென்று கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. கப்பல் போனது, வருஷங்கள் போயின, தங்கை துறைமுகத்துக்கு வந்தாள்.

கீழே வந்தது யாரோ விலாசம் தவறி வந்த ஆள். அவருக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டு, அப்படியே எல்லாருக்கும் டீயும் போட்டு, தட்டோடு மூச்சு வாங்க மேலே வந்தார் டாக்டர். திரை இருட்டிப்போயிருந்தது. விளக்கைப் போட்டார். ஆறு பேர் கண்ணும் சிவந்திருந்தது. நாத்தனார் போர்வை நுனியில் மூக்கைத் துடைத்தாள். சரி மாமாவுக்கு 'சரி'கூட வரவில்லை.

"எப்படி இருந்துச்சு?" என்றார் டாக்டர் ஆவலாக. "துறைமுகத்துல மழை பெஞ்சுதே, பக்கத்துல இருந்து வந்துச்சா, பின்னாடி இருந்து வந்துச்சா?"

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மழை பெஞ்சுதா?" என்றாள் அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி. "நான் கவனிக்கலைங்க. நான் அவளைத்தான் பாத்துட்டு இருந்தேன்."

டாக்டர் டீத் தட்டோடு அப்படியே நின்றார். எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். அவர் குரல் இறங்கிப்போனது.

"அப்ப... அந்த அக்கா திரும்பி வந்துட்டாளா?"

கொழுந்தன் வாயைத் திறந்தான். அவள் கையை நீட்டி அவனைத் தடுத்தாள்.

"யாரும் சொல்லாதீங்க" என்றாள். "அதெல்லாம் சொல்லித் தெரியக் கூடாது. உக்காந்து பாக்கணும். இப்பவே இன்னொரு தடவை போடுங்க, நானும் பாக்கறேன்."

டாக்டர் தட்டை வைத்துவிட்டு ஆசையோடு முன் வரிசையைப் பார்த்தார். பின் வரிசையைப் பார்த்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.